நிறுத்தாமல் படித்த பிள்ளை

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்து வந்ததும், ஃபேக்டரி சட்டையைக்கூடக் கழற்றாமல், மகள் கதை படிப்பதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தபோது, பிள்ளை பாதியில் நிறுத்தி, "அப்பா, தப்பிச்ச ஆடு ஏன் மறுபடியும் புலிகிட்டயே போகுது?" என்றாள்.

"கெடுத்துட்டியே! மொதல்லேருந்து படி," என்று வீடியோவை அழித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, கத புரிஞ்சதாலதானே கேக்குறா? பதில் சொல்லுங்க."

"உனக்கென்ன லா, படிச்சவன். நடுவுல கேள்வி கேட்டா, புள்ளைக்குப் படிக்கத் தெரியலன்னு சிரிப்பாங்க."

இரண்டாம் முறை அவள் எங்கும் நிற்கவில்லை. அவர் கண்கலங்கிக் கைதட்டினார். அந்தப் பாசம் பொய்யில்லை. அதனால்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.