மடிப்பில் கிடைத்த கணக்கு

மூளைக்காய்ச்சல் வந்து நான் பிழைத்தபோது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மா சலவை வேலை பார்த்தாள். அங்கேதான் என்னையும் படுக்க வைத்திருந்தார்கள்.

கண் விழித்தபோது முகங்கள் எல்லாம் நினைவிருந்தன. வாய்ப்பாடு மட்டும் போயிருந்தது. பள்ளிக்குத் திரும்பினால், கரும்பலகையில் எழுதிய எண்கள், ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மூடுபனியில் கரைவதுபோலக் கரைந்தன.

அம்மா டாக்டரிடம் அழுதாள்.

"வளர்ற மூளைம்மா. ஒரு வழி அடைஞ்சா இன்னொரு வழி போட்டுக்கும். அவசரப்படுத்தாதீங்க," என்றார் அவர்.

பள்ளி விட்டதும் சலவைக்கூடத்துக்குப் போவேன். காய்ந்த படுக்கைவிரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. நடந்துபோய் என் முனைகளை அம்மாவிடம் கொடுத்து, தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுத்துப் பின்னால் நகர்வேன். மறுபடியும் நடப்பேன். சில சாயங்காலங்களில் பனி உள்ளேயே வந்து நிற்கும். அம்மா மங்குவாள், தெளிவாள், மங்குவாள். அப்படி ஒரு நாள், பாதி நடையில் நின்றுவிட்டேன்.

"என்ன புள்ள, வெரசா பிடி. இன்னும் எம்புட்டு கெடக்கு!"

"நீளம் பாதியாகுறப்பல்லாம் கனம் ரெண்டு மடங்காகுதும்மா."

அம்மா துணியைப் பார்த்தாள். "ஆமா, துணி எங்க போயிரும்?" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் டீச்சர், கால் பங்கில் பாதி எவ்வளவு என்று கேட்டார். என் கைகள் தாமாக எழுந்து காற்றை மடித்தன. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எட்டுல ஒண்ணு டீச்சர்."

"எப்படிச் சொன்ன?"

"மடிச்சுப் பாத்தேன்."

டீச்சர் ஒரு பழைய செய்தித்தாளை நீட்டினார். மடித்து, பிரித்து, எட்டுக் கட்டங்களைக் காட்டினேன்.

"அப்ப மூணுல ஒண்ணு?"

பாதியாக்கினேன். அதையும் பாதியாக்கினேன். நாலு வந்தது, எட்டு வந்தது, மூன்று எங்குமே இல்லை.

"பாதி பாதியாவே போனா மூணு வரவே வராது டீச்சர்."

"ஏன் வராது?" டீச்சர் என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அது நிஜமான கேள்வியாக இருந்ததுபோலத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க வகுப்பே காகிதம் மடித்தது.

வாய்ப்பாடு எனக்குத் திரும்பி வரவேயில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையிலும் ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு, ஏழு என்ற எண்ணை இரட்டித்து, இரட்டித்து, மறுபடி இரட்டித்துத்தான் ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் ஏன் அது ஐம்பத்தாறு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கணக்கில் தேறிவிட்டேன் என்றதும் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, துணி அலசிக்கொண்டிருந்த மற்றப் பெண்களிடம் சொல்லப் போனாள்.