ஏழுமலை அண்ணன் கட்டிய முன்கயிறு

ஏழுமலை அண்ணன் போயிட்டார்.

மதியம் அவர் மகள் சரசு போன் பண்ணுச்சு. "அப்பா தவறிட்டாருங்க... நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கும்போதே... நாளைக்குக் காலைல எடுக்கறோம், வந்துடுங்க. உங்கள அடிக்கடி கேப்பாரு."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதிலிருந்து ஒரு இடத்துல உட்கார முடியல.

பதினோரு வருஷம் முன்னாடி, மலை மேல கரியாலூர் பக்கம் ஒரு சின்ன டூரிஸ்ட் கேம்ப்ல ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் டிரைவர். நான் புக்கிங், போட்டோ, வீடியோ... அதாவது உடம்பு நோகாத வேலை எல்லாம்.

மேல ஷெட் கிடையாது. அதனால கயாக் படகு கீழே கச்சிராயபாளையத்துல ஓனர் வீட்டுல கிடக்கும். சனிக்கிழமை ஆனா கார் கூரையில ஏத்தி மலைக்குக் கொண்டுபோகணும்.

அதைக் கட்ட அண்ணன் அரை மணி நேரம் எடுத்துக்குவார். கேரியர் மேல பழைய மெத்தைத் துண்டு, அது மேல கயாக்கைக் கவுத்து, குறுக்கே ரெண்டு பெல்ட். பெல்ட்டுல ஒரு முறுக்கு விடுவார், இல்லன்னா காத்துல கொய்ய்ய்னு கத்தும். அப்புறம் கயாக் மூக்கிலிருந்து முன் பம்பருக்கு ஒரு கயிறு, பின்னாடி ஒண்ணு.

கடைசியா கயாக்கைப் பிடிச்சு ஒரு உலுக்கு. "வண்டி ஆடணும்பா... இது ஆடக் கூடாது."

"கல்யாணப் பொண்ணுக்கு ஜடை பின்னக்கூட இவ்ளோ நேரம் ஆகாதுண்ணே"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பார். கை மட்டும் நிக்காது.

எனக்கு மலை வளைவுல வாந்தி வரும். கூட வர்ற கெஸ்ட் முன்னாடி மானம் போகுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். அண்ணன் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்துட்டு வண்டியை ஓரங்கட்டுவார். "இஞ்சின் சூடாயிடுச்சுங்க, அஞ்சு நிமிஷம்." இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நான் புதர் பக்கம் போயிட்டு வருவேன்.

ஒரு தடவைகூட அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்படி ஒரு மனுஷன்.

இனிமே எழுதப் போறது இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கும்.

ஒரு சனிக்கிழமை அடிவாரத்துல டீக்கு நிறுத்தினோம். அண்ணன் கடைக்குள்ள போனார். பின்னாடி மலை, மேல மஞ்சள் கயாக்... கேம்ப் பேஜுக்கு ஒரு வீடியோ எடுக்கலாம்னு பார்த்தா, முன்கயிறு கார் முன்கண்ணாடிக்குக் குறுக்கே அசிங்கமாத் தெரிஞ்சுது.

அவுத்தேன்.

வீடியோ எடுத்தேன். திரும்பக் கட்டினேன். ஷூ லேஸ் கட்டற மாதிரி ஒரு முடிச்சு... எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அண்ணன் வந்தார். கெஸ்ட் மேல காத்துக்கிட்டு இருக்காங்க, ஓனர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். "கயிறெல்லாம் பாத்தியாப்பா?"ன்னார்.

"பாத்துட்டேண்ணே. போலாம்."

மூணாவது வளைவுல முடிச்சு அவுந்து, கயிறு முன்சக்கரத்துக்கு அடியில போயிடுச்சு. ஒரே இழுப்பு. கேரியர் பிடுங்கிக்கிட்டு கயாக் பானட் மேல சறுக்கி ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. எதிர்ல பைக்ல வந்த புருஷன் பொண்டாட்டி பிரேக் அடிச்சுக் கீழே சாய்ஞ்சாங்க. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு உடைஞ்சுது.

ஓனர் எல்லார் முன்னாடியும் கத்தினார். "இன்னாய்யா கட்டுன நீ? உசுரு போயிருந்தா?"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான்தான் சரியா கட்லிங்க"ன்னார். பார்த்துட்டேன்னு நான் சொன்னதைக்கூட அவர் சொல்லல. நான் பக்கத்துலதான் நின்னேன்.

அன்னைக்கே கார் சாவியை வாங்கிட்டாங்க. சேதி பரவி, ரொம்ப நாள் யாரும் வண்டி தரல. கரும்பு வெட்டப் போனார். அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்ததும் அண்ணன்தான். நான் போகல.

நான் நல்லா இருந்தேன். அந்த வீடியோவுக்கு நிறைய லைக் வந்துச்சு.

நாலு வருஷம் கழிச்சு சங்கராபுரத்துல பார்த்தேன். மினி லாரியில பந்தல் சேர் ஏத்திக் கட்டிக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் அவ்ளோ சந்தோஷம். "வாப்பா, இன்னா இளைச்சிட்ட? வூட்டுக்கு வாயேன்."

அப்புறம் கயிறைக் காட்டினார். "ஒரு தபா இழுத்துப் பாருப்பா. அன்னிலேருந்து என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல. யாரையாச்சும் பாக்கச் சொல்லிட்டுதான் வண்டிய எடுக்கறது."

இழுத்துப் பார்த்தேன். அசையல. "நல்லாருக்குண்ணே"ன்னேன்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். பஸ் எதுவும் இல்ல.

அதுக்கப்புறமும் ஏழு வருஷம் இருந்துச்சு. போன் நம்பர் இருந்துச்சு. தைரியம்தான் இல்ல... கோழைன்னு திட்டணும்னா கமென்ட்ல திட்டுங்க, டெலிட் பண்ண மாட்டேன்.

நாளைக்குக் காலைல கச்சிராயபாளையம் போறேன், அண்ணன் வீட்டுக்கு. சரசுகிட்ட நேர்ல சொல்லணும். போற வழியில மறுபடி மனசு மாறிடும்னு பயம். அதான் இங்க முதல்ல எழுதிட்டேன்.

அண்ணே... நீங்க கட்டினது அவுழல.

நான்தான் அவுத்தேன்.