காசிம் நானாவின் பயம்

ஆயர் ஈத்தாம் பாசார், அந்தச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கூடைக்காரப் பெண்கள் இறங்கட்டும் என்று ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பிக்கடைக்காரர் சாலையைக் கடந்து என் பக்கமாக வந்தார். "காசிம் நானா தவறிட்டாராம்ணே. காலையிலதான். காய்ச்சல் எறங்கவே இல்லையாம்" என்றார். வண்டி நிறைய ஆட்கள். டவுனுக்குப் போயாக வேண்டும். அழுகை வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை, பயம்தான் வந்தது. ஜெட்டிப் படகுத்துறை வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லித் திட்டினார்கள். திட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பட்டறையில் நம் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். எனக்கு மட்டும் தம்பி, நான் வயதில் மூத்தவன். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற வேலையில் அவருக்குச் சமமாக இந்தத் தீவில் எத்தனை பேர் இருந்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போல் பயந்தாங்கொள்ளி ஒருவரும் இருந்திருக்க முடியாது. தான் கட்டிய பஸ்ஸில் தானே ஏற மாட்டார். சூலியா தெருவிலிருந்து பட்டறைக்குத் தினமும் நடைதான், மழையானாலும் வெயிலானாலும். நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். சமையல்காரர் தன் சோற்றைத் தின்ன மாட்டேன் என்றால் நாங்கள் என்ன நினைப்பது என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போய்விடுவார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் சொல்வது நம்முடைய கடற்கரை வண்டிகள் இரண்டையும் அவர் கட்டிய காலம். பழைய வண்டிகளின் கூடு முழுக்க இரும்பும் மரமும். மேடு ஏறுவதற்குள் என்ஜின் மூச்சு வாங்கும். எடை குறைய வேண்டும் என்று முதலாளி அலுமினியத் தகடும் அலுமினியத் தாங்கிகளும் தருவித்தார். அடிச்சட்டத்தோடு அவற்றைப் பிணைக்க இரும்பு போல்ட்டு போட்டால் கடற்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று காசிம் பித்தளை போல்ட்டாகத் தேடிப் பிடித்து வந்து போட்டார். பித்தளை துருப்பிடிக்காது, அலுமினியமும் துருப்பிடிக்காது. இரண்டும் சேர்ந்தால் எந்தக் காலத்துக்கும் கவலையில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். நாங்களும் நம்பினோம். யார்தான் நம்ப மாட்டார்கள்?

அந்தப் பித்தளைத் தலைகள் வண்டியின் பின்படியைச் சுற்றி வரிசையாக மின்னும். என் கண்டக்டர் வேலுவுக்கு அதில் ஒரே பெருமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், விளக்குத் தேய்ப்பது போல, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுவான். நல்ல நாள் வந்துவிட்டால் தினமும் தேய்ப்பான். ஜோடி வண்டியின் கண்டக்டரும் போட்டிக்குத் தேய்ப்பான். மற்ற கம்பெனி ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கரையோரமாக ஓடும்போது அலை தெறிக்கிற உப்புத் தண்ணீர் ஒரு பக்கம், இந்தப் புளித்தண்ணீர் ஒரு பக்கம். இரண்டும் போல்ட்டு ஓட்டைக்குள் இறங்கி என்ன செய்துகொண்டிருந்தது என்று எவருக்கும் தெரியாது. மேலே பார்த்தால் பளபளப்பு.

அடுத்து வந்த தைப்பூசத்தன்று அந்த வண்டியை நான் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஓட்டினேன். குழந்தைக்கு முடியிறக்குவதாக வேண்டுதல். அதனால் என் மனைவி தங்கம்மா கைக்குழந்தையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் படியில் ஆட்கள் கொத்தாகத் தொங்கினார்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், குவித்து வைத்த தேங்காய், காவடிக்காரர்கள். சாலை இறங்கிப் போய் ஓடைப் பாலத்தில் ஏறுகிற இடத்துக்கு முன்னால், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சைக்கிள் வந்தது. அதில் காசிம். சைக்கிளில் ஏற அவருக்குத் தெரியும், இறங்கத் தெரியாது. வண்டிக்கு நேர் முன்னால் வந்து விழுந்தார்.

நான் பிரேக்கை மிதித்த மிதியில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். பின்னாலிருந்து முறுக்கிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு, என் ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் உயிரே இல்லை.

"அண்ணே, எல்லாரையும் எறக்குங்க. பின்னாடி யாரையும் குதிக்க விடாதீங்க. மெதுவா, ஒவ்வொருத்தரா, முன்பக்கமா வரச் சொல்லுங்க."

என்ன என்று கேட்டேன். பின்படியைக் காட்டினார். அன்று காலை ஜோடி வண்டியின் படியில் ஒரு மாட்டுவண்டி இடித்துவிட்டதாம். நெளிவு எடுப்பதற்காக அதன் தாங்கியை இவர் கழற்றப் போக, போல்ட்டு முழுசாக வந்ததாம். தாங்கி கையோடு நொறுங்கி வந்ததாம். அந்த வண்டியும் இந்த வண்டியும் ஒரே சமயத்தில், ஒரே கையால் கட்டியவை. அவர் சொல்லச் சொல்ல நான் கண்ணாடியில் தங்கம்மாவைப் பார்த்தேன். குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழேதான் அந்தத் தாங்கி. எழுந்து ஓடிப் போய் அவளை இழுத்துவிடத் தோன்றியது. ஆனால் நான் ஓடினால் கூட்டமும் ஓடும். படியில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் துள்ளுவார்கள். ஆகவே, பாலத்தில் கூட்டம், முன்வாசல் வழியாக இறங்கி நடந்து போங்கள் என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

பால்குடம் வைத்திருந்த ஓர் அம்மா இறங்கும்போது காசிமைப் பார்த்து, நேர்த்திக்கடனுக்குப் போகிற வழியில் விழுந்து மறிக்கிறாயே, நன்றாக இருப்பாயா என்று சாபமே விட்டார். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. பின்படியைப் பார்த்தபடி இரண்டு கையையும் கீழே ஏந்தி நின்றார், விழுந்தால் பிடித்துவிடுவது போல. கடைசியாக வந்தவள் தங்கம்மா. பெஞ்சிலிருந்து முன்வாசலுக்கு எத்தனை அடி இருக்கும்? அவள் நிதானமாக, துண்டை எடுத்து, சங்கை எடுத்து, குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு வந்தாள். அந்த நேரத்தில் நான் பட்டதை இன்று வரைக்கும் ஒருவரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு காசிம் அடியில் போய் என்னைக் கூப்பிட்டார். கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். தாங்கி இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்று விரலில் ஒட்டியது. நடுவில் அந்தப் பித்தளை போல்ட்டு மட்டும் ஒரு குறையும் இல்லாமல், புதுப்பெண் போல மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. கையால் பிடித்து இழுத்தார். தாங்கி கிழிந்து வந்தது, படி ஒரு பக்கமாகத் தொங்கிப் போயிற்று. அவர் சாலையோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "நான் போட்டதுண்ணே. துருப்பிடிக்காதுன்னு ஆசையா தேடி வாங்கி நானே போட்டது." காவடிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

விஷயம் என்ன என்று அவர் ஜெட்டியில் படகு கட்டுகிறவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்களுக்கு அது பழகிப்போன சங்கதியாம். செம்புத் தகடு அடித்த படகில் இரும்பு ஆணி போட்டால் தகடு நிற்கும், ஆணி கரைந்துபோகும். நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் போதும், ஒன்று மற்றதைத் தின்றுவிடும். இங்கே தின்னப்பட்டது அலுமினியம். வேலுவின் புளித்தண்ணீர் அதற்குப் பந்தி பரிமாறியிருக்கிறது. பட்டறையில் எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொன்னபோது காசிம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ரெண்டும் நல்ல பொருள்தான். ஒண்ணு மேல ஒண்ணு குத்தம் சொல்ல முடியாது. ஆனா தொட விடக்கூடாது லா, தொட்டா தண்ணி அங்க போய் உக்காந்துக்கும்."

அதற்குப் பிறகு அவர் இரண்டு வண்டியையும் எலும்பு வரைக்கும் பிரித்தார். பித்தளை ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. கூரைத் தகட்டுக்குப் பூசுவது போல் துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டு போட்டார். அலுமினியமும் இரும்பும் சந்திக்கிற இடமெல்லாம் தார் தோய்த்த கித்தான் துண்டு வைத்தார். போல்ட்டுத் தலைக்கு அடியிலும், ஓட்டைக்கு உள்ளேயும்கூட விடவில்லை. தண்ணீர் தேங்குகிற மூலைகளில் வடிய வழி வெட்டினார். முதலாளி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவரும் அந்தத் தாங்கியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்.

வேலுதான் சண்டை பிடித்தான். தாரும் கித்தானுமாக வண்டி கரிச்சட்டி போல் இருக்கிறது, ஆயுத பூஜைக்கு எதைத் தேய்த்துப் பொட்டு வைப்பது என்று மூன்று நாள் காசிமோடு பேசவில்லை. பூஜையன்று காலையில் காசிமே ஒரு பித்தளை ஹாரனை வாங்கி வந்து, மரப் பலகை மேல் தனியாக முடுக்கிக் கொடுத்து, இதை உன் ஆசை தீரத் தேய், கழற்றி எடுத்துப்போய்த் தேய், வண்டிமேல் புளி பட்டால் கையை ஒடிப்பேன் என்றார். வேலு அதற்கு மாலையே போட்டுவிட்டான்.

நாமெல்லாம் அத்தோடு மறந்துவிட்டோம். அவரால் முடியவில்லை. தினமும் காலையில் வண்டி கிளம்புமுன் அடியில் போய் மூட்டு மூட்டாகக் குத்திப் பார்ப்பார். நேற்றுப் பார்த்ததைத்தானே இன்றும் பார்க்கிறாய் என்று கேட்டால், "வெளிய தெரியிற கெடுதிக்கு நான் பயப்படலண்ணே. அது உள்ளுக்குள்ள சத்தமில்லாம உக்காந்திருக்குமே, அதுக்குத்தான்" என்பார். தூக்கத்தில் அந்தப் படி தொங்குவது தெரிகிறது என்று ஒருமுறை சொன்னார். அதில் யாரும் இறங்கியிருக்கவில்லையாம், எல்லோரும் இன்னும் மேலேயே நின்றார்களாம்.

தங்கம்மாவும் மறக்கவில்லை. பிறகு விஷயம் தெரிந்ததும் என் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். குழந்தையை ஏற்றவும் விடவில்லை. அடுத்த தைப்பூசம் வந்தது. அன்று நடக்காமல் போன முடியிறக்குவது தள்ளிப்போய் நின்றது. நடந்தே போகிறேன் என்றாள். ஓட்டுகிறவன் பெண்டாட்டியே ஏறாத வண்டி என்று ஊர் சிரிக்கும், அது ஒரு பக்கம் இருக்கட்டும்; நான் ஓட்டுகிற வண்டியை அவள் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. காசிமிடம் சொல்லிப் புலம்பினேன். தைப்பூசத்தன்று காலை அவர் வெள்ளைச் சட்டை, தொப்பியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி. நானும் வரேன்" என்றார்.

எந்த வண்டியிலும் ஏறாத மனிதர் அன்று பின்படியில் ஏறி, அதே தாங்கிக்கு மேல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கம்மா அவரைப் பார்த்துவிட்டு, குழந்தையோடு ஏறிப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது, நெற்றியில் வேர்வை வடிந்தது. ஓடைப் பாலம் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார். மலையடியில் இறங்கியதும் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்கு நாங்கள் ஏறிப் போனோம், அவர் டவுனுக்கு நடந்தே திரும்பினார். அன்று இரவு நான் தங்கம்மாவைக் கேட்டேன், எந்தத் தைரியத்தில் ஏறினாய் என்று. "அவர் கை நடுங்குறது தெரிஞ்சுது. அவ்வளவு பயப்படுற மனுஷன் பாக்காம விட்டிருப்பாரா?" என்றாள்.

நேற்று அவரை அடக்கம் செய்தார்கள். நானும் பள்ளிவாசல் வரை பின்னால் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போக மனமில்லாமல் பட்டறைக்கு வந்தேன். முதலாளி புதிதாக இறக்கியிருக்கிற வண்டி அங்கே நின்றது. வேறு எங்கோ கட்டி வந்தது, உடம்பெல்லாம் அலுமினியம், இன்று காலையில் நான் எடுத்துப் போக வேண்டியது. காசிம் பிரித்துப் பார்ப்பதாக இருந்தார், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. நான் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் அடியில் மல்லாந்து படுத்து, பின்படியில் ஒரு போல்ட்டைக் கழற்றினேன். நடுவில் கித்தான் இல்லை. தாரும் இல்லை. அலுமினியமும் இரும்பும் வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தன. என் கை நடுங்கி ஸ்பேனர் நெஞ்சில் விழுந்தது.

வெளியே வந்து முதலாளியிடம், பிரித்துக் கட்டாமல் இந்த வண்டியை எடுக்க மாட்டேன் என்றேன். புது வண்டிக்கு என்ன ஆகிவிடும், இத்தனை வருஷமாக ஓட்டுகிறவனுக்கு இப்போது என்ன புதிதாகப் பயம் என்று கேட்டார்.

"இத்தனை வருஷமா எனக்கும் சேத்து அவரு பயந்துக்கிட்டிருந்தாரு மொதலாளி" என்றேன். "இனிமே நாந்தான் பயப்படணும்."

வண்டி பட்டறையில்தான் நிற்கிறது.