நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. சுற்றிவர எத்தனையோ கிணறுகள் இருந்தும், தேநீருக்கு எங்கள் தண்ணீர்தான் என்று சனம் தேடி வரும். அந்த ஒழுங்கையில் நடந்த செத்த வீடுகளில் வந்தவர்களுக்குக் கொடுத்த தேநீர் முழுக்க எங்கள் கிணற்றிலிருந்து போனது. கிணற்றை வெட்டியது என் அப்பாவுடைய அப்பா. நான் அதில் ஒரு கல்லைக்கூடத் தூக்கி வைத்தவனல்ல. பெருமை மட்டும் முழுக்க என்னுடையதாக இருந்தது.

கிணறுகூட முழுக்க என்னுடையதல்ல. அப்பா காலத்தில் காணியில் பாதியை விற்றபோது கிணற்றில் அரைப் பங்கையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் அது வழக்கம்தான்; காணியோடு கிணற்றுப் பங்கும் அதற்குப் போகும் வழியும் போகும். அந்தப் பாதிக் காணியில் இப்போது இருப்பவள் ஓர் இளம்பெண். கணவனுக்கு வவுனியாவில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவான். தாய் தகப்பன் கனடாவில். கிணற்றில் எனக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அவளுக்கும். ஆனாலும் காலையில் வாளியைத் தொடுமுன், "தண்ணி அள்ளட்டே சேர்?" என்று கேட்பாள். அப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கும். "ஓம் ஓம், அள்ளும்" என்பேன், ஏதோ தானம் கொடுப்பவன்போல.

நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். பின்னேரத்தில் தோட்டம். கிணற்றடியை ஒட்டியே வெங்காயப் பாத்திகள். கமக்காரர் சங்கத்துக் கூட்டம் ஒன்றில் எழும்பி நின்று, "யூரியாவை அள்ளிக் கொட்டாதேங்கோ, எங்கடை நிலத்துக்குக் கீழை சுண்ணாம்புக்கல், போட்டது முழுக்க நேரே கிணத்துக்குத்தான் போகும்" என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள். அடுத்த கிழமை பக்கத்துத் தோட்டக்காரனின் வெங்காயத் தாள் என்னுடையதைவிடப் பச்சையாக நிற்பதைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. போடவேண்டிய அளவைப்போல இரண்டு மடங்கு யூரியா போட்டேன். ஒருமுறை அல்ல, மூன்று போகம் தொடர்ந்து போட்டேன். கூட்டத்தில் பேசியது மற்றவர்களுக்கு.

ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒழுங்கையில் உள்ள கிணறுகளிலெல்லாம் சிறு போத்தல்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி வீட்டில் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு வவுனியாவில் கணவனிடம் போயிருந்தாள். எங்கள் கிணற்றில் எடுக்கும்போது நான் சிரித்துக்கொண்டு, "இதை நீங்கள் சோதிக்கத் தேவையில்லை, குடிச்சுப் பாருங்கோ" என்றேன். அவர் குடிக்கவில்லை. சில கிழமைகள் கழித்துக் கடிதம் வந்தது. தண்ணீரில் நைத்திரேற்று இருக்கவேண்டிய அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது. கைக்குழந்தைகளுக்குப் பால் கரைக்கக் கூடாது. கொதிக்க வைப்பதால் அது நீங்காது. கடைசி வரியில், இந்தக் கிணற்றைப் பாவிக்கும் மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தவும் என்று எழுதியிருந்தது.

இரண்டுமுறை வாசித்தேன். எனக்கு அதில் விளங்காத சொல் ஒன்றுமில்லை. போட்ட யூரியா மண்ணுக்குள் மாறி வருவதுதான் நைத்திரேற்று; அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. ஆகவே தேநீர் நல்லாகத்தான் இருக்கும். துணியில் வடித்தாலும் போகாது, குளோரின் போட்டாலும் சாகாது, அது உயிருள்ள சாமான் இல்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போக, அது சட்டியிலேயே நின்று இன்னும் செறிவாகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். கடிதத்தை மடித்து அலுமாரியில் காணி உறுதிக்கு அடியில் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பயம் என்று சொன்னால் அது மரியாதையான சொல்லாகிவிடும். அது வெறும் மானப் பிரச்சினை. மாஸ்ரர் வீட்டுக் கிணறு கூடாதாம் என்று சந்தியில் கதைப்பார்கள். சங்கத்தில் கை தட்டியவர்கள், உவர்தானே எங்களுக்குப் புத்தி சொன்னவர் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது. அதற்காக ஒரு வேலை செய்தேன். கிணற்றை முழுநாளும் இறைத்தேன், உள்ளே ஆளை இறக்கிச் சேறு எடுப்பித்தேன், குளோரின் தூள் போட்டேன். ஒழுங்கையால் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "மாஸ்ரர் துப்புரவான ஆள்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. இறைத்த தண்ணீர் எங்கே போனது? வெங்காயப் பாத்திக்கு. அங்கே கிடந்த யூரியாவையும் கரைத்துக்கொண்டு திரும்பவும் கிணற்றுக்கு. அது எனக்குத் தெரிந்தே நடந்தது.

அடுத்து, யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் ஆர்.ஓ. மெசின் ஒன்று வாங்கி வந்து குசினிச் சுவரில் பூட்டினேன். மெல்லிய சவ்வினூடாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிற சாமான். நைத்திரேற்றை அது பிடிக்கும். அதற்காகவே தேடி வாங்கினேன். மனைவிக்குச் சொன்ன காரணம் வேறு. "கேத்தில் முழுக்கச் சுண்ணாம்பு பிடிக்குதெல்லே, சிறுநீரகத்தில் கல் வரும்" என்றேன். எங்கள் ஊரில் அதை நம்பாத ஆளில்லை. அவளும் நம்பினாள்.

பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் பால்மாவும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வந்த மறுநாள் காலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியடியில் நின்றாள்.

"சேர், பிள்ளைக்குப் பால்மா கரைக்க எங்கடை கிணத்துத் தண்ணி காணுமோ? இல்லாட்டிப் போத்தில் தண்ணி வாங்கட்டோ?"

கேட்டது அவ்வளவுதான். ஓம், போத்தில் தண்ணி வாங்கும் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடக் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் போத்தல் தண்ணீர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கிணறு பக்கத்தில் இருக்கக் கடைத் தண்ணீரா?

"போத்தில் தண்ணியை ஆர் கண்டது? கிணத்துத் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சு, ஆற விட்டுக் குடும் தங்கச்சி. ஒரு பயமும் இல்லை."

"நீங்கள் சொன்னாச் சரி சேர்" என்று போனாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி சொன்னாள். "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கு எங்கடை மெசின் தண்ணியிலை ரெண்டு போத்தில் குடுத்தால் என்ன? கைக்குழந்தை எல்லே."

நான் எரிந்து விழுந்தேன். "எங்கடை கிணறு கூடாதெண்டு நாங்களே ஊருக்குச் சொல்லுறதோ? உமக்கு விசரோ?" அவள் எழும்பிக் கோப்பையைக் கழுவப் போனாள். முப்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறோம். அவள் சொன்ன மிகச் சரியான வார்த்தைக்கு நான் போட்ட கோபம் அதுதான்.

பக்கத்து வீட்டுக் குசினி யன்னல் எங்கள் கிணற்றடிக்கு நேரே. காலையில் அவள் கேத்திலை அடுப்பில் வைப்பது தெரியும். நல்லாகக் கொதிக்க வைக்கச் சொன்னேன் அல்லவா, அவள் நல்லாகத்தான் கொதிக்க வைத்தாள். ஒருமுறை நான் பல் விளக்கத் தொடங்கும்போது கொதித்த கேத்தில், முகம் கழுவி, பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரும்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. முக்கால் கேத்தில் பாதியாக வற்றியிருக்கும். அந்தப் பாதிக்குள் முக்காலில் இருந்த அத்தனையும் நிற்கும். எட்டிச் சொல்ல வாயெடுத்தேன். "என்ன சேர்?" என்றாள். "ஒண்டுமில்லை, மழை வரும்போல கிடக்கு" என்றேன்.

இப்படி எத்தனையோ காலைகள். ஒவ்வொரு காலையும் நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கடினமாகியது. ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வகுப்பில் கரைசல் பாடம் எடுக்க வேண்டி வந்தபோது, பிறகு பார்ப்போம் என்று அடுத்த பாடத்துக்குத் தாவினேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வேலியால் ஓடி வந்தாள். "அக்கா, பிள்ளையைப் பாருங்கோ, சொண்டு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள் என் மனைவியிடம். நானும் பார்த்தேன். உதடும் நகமும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். குழந்தை அழக்கூடப் பலமில்லாமல் முனகியது. எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. கடிதத்தில் எழுதாமல் விட்டதும் எனக்குத் தெரியும். நைத்திரேற்று அந்தச் சின்ன உடம்பில் இரத்தத்துக்குள் போய், மூச்சுக்காற்றைச் சுமக்கிற அதன் வேலையைச் செய்ய விடாமல் தடுக்கும். ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவள் பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தேன்.

டொக்டர் பெண்பிள்ளை, வயது குறைவு. பார்த்தவுடனேயே கேட்டார். "பால் எந்தத் தண்ணியிலை கரைக்கிறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி, டொக்டர். ஆனா நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தனான். சேரைக் கேளுங்கோ, அவர்தான் சொன்னவர்."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் என்ன படிப்பிக்கிறனீங்கள்?" என்று கேட்டார். இரசாயனவியல் என்றேன். அவர் உள்ளே போனார். பிறகு தாதி ஊசியில் நீல நிற மருந்து கொண்டு போனதைக் கண்டேன். எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து அலுமாரியில் சாயமாகப் பாவிக்க வைத்திருக்கிற அதே மெதிலீன் நீலம். அன்றைக்கு அது ஒரு பிள்ளையின் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தது. மத்தியானத்துக்குள் உதட்டில் சிவப்பு வந்துவிட்டது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆனால் அந்த அழுகையிலும் பாதி எனக்காகத்தான்.

மறுநாள் பார்வை நேரத்துக்கு மனைவியும் நானும் போனோம். பிள்ளை நன்றாக இருந்தது. மனைவி கட்டில் ஓரத்தில் இருந்து மடியில் வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் தாய் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் கொதிக்க வைச்ச நேரம் காணாதாக்கும் சேர். இனி இன்னும் கூட நேரம் வைப்பன்."

அதற்குப் பிறகும் பேசாமலிருக்க என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று நான் பெருமைப்படவும் இல்லை. அந்த வசனத்துக்குப் பிறகும் பேசாமலிருக்க ஒரு பேய்தான் வேண்டும். கடிதத்தைக் காற்சட்டைப் பையில் கொண்டுதான் போயிருந்தேன். அதை அவள் கையில் கொடுத்தேன். "உம்மிலை பிழையில்லை தங்கச்சி. கொதிக்க வைச்சால் தண்ணியிலை உள்ள நஞ்சு கூடத்தான் செய்யும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்" என்றேன்.

அவள் நின்றபடியே வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் திரும்பவும் மேலே போய்த் திகதியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். வெங்காயத்தைப் பற்றியோ யூரியாவைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு, சத்தம் உயராமல், ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது வந்தாப் பிறகு நீங்கள் அந்தத் தண்ணி குடிச்சனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அவள் குனிந்து என் மனைவியின் மடியிலிருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.