எவால்ட் தேலனின் வலது கால்

ஜெர்மனியில் எங்கள் ஐஃபெல் மலைப்பக்கத்தில் எவால்ட் தேலனைத் தெரியாதவர்கள் கிடையாது. அவரைப் பிடித்தவர்கள் என்று எண்ணினால் நாலைந்து பேர் தேறுவோம். கார் கம்பெனியின் சோதனை ஓட்டுநர் அவர். இருபத்தெட்டு வருடம் அவருக்குப் பக்கத்து இருக்கையில் மடியில் கருவியை வைத்துக்கொண்டு, வண்டி எப்படிக் குலுங்குகிறது, அவர் கால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்தவள் நான். சேர்ந்த வாரத்தில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். மூன்று முறையும் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கருணை அவ்வளவுதான்.

பால் வண்டி ஓட்டியவரின் மகன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காலையில் ரொட்டியும் பன்றிக் கல்லீரல் பூச்சும், பிறகு காட்டுச் சாலையில் இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்று, மறுபடி சுற்று, மறுபடி சுற்று. இதுதான் வாழ்க்கை. எங்கள் கம்பெனியின் பந்தயக் குணமுள்ள செடான் கார், மாடலுக்கு மாடல் அந்தச் சுற்றில்தான் பதமாகும்.

நான் முதலில் ஏறிய மாடல் சின்னது, முரடு. டயருக்கடியில் கூழாங்கல் அகப்பட்டாலும் முதுகெலும்புக்குத் தெரியும். அடுத்த மாடல் ஒரு சாண் நீண்டது. அதற்கடுத்தது அகன்றது. பிறகு கனத்தது. பின்னால் உட்கார்ந்தவர் காலை நீட்டித் தூங்கலாம். முன்னால் ஓட்டுகிறவருக்குத்தான் சாலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஸ்டியரிங் பாகில் விட்ட கரண்டி போலச் சுற்றும்.

ஞாயிறு மதியங்களில் கொலோன் நகரப் பக்கமிருந்து பழைய மாடல்களை ஓட்டிக்கொண்டு வண்டிப் பைத்தியங்கள் வருவார்கள். மட்டேஸின் விடுதியில் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் தின்றுகொண்டே எவால்டை வறுத்தெடுப்பார்கள்.

"என்ன எவால்ட், அடுத்த மாடல்ல தலகாணியும் சேத்துக் குடுப்பீங்களா?"

"எங்க அத்தைக்கு வாங்கிக் குடுத்தேன்பா. முதல் வளைவுலயே குறட்டை!"

மட்டேஸ் பீரை வைத்தபடி குறுக்கே விழுவார். "அந்த மனுசன என்னடா சொல்றீங்க? எல்லாம் தலைமை ஆபீஸ் பண்ற வேலை. இவரு எந்த வளைவுலயும் காலை எடுக்காத ஆளு. அந்த வளைவுலகூட!"

அந்த வளைவு என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினான்காவது கிலோமீட்டர். மேடேறி, உச்சியில் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். ஓரத்தில் ஒரு கற்சிலுவை. தொண்ணூற்று மூன்று அக்டோபரில், ஈர இலைகளில் சறுக்கி எவால்டின் வண்டி அங்கேதான் மரத்தில் மோதியது. எனக்கு முன்னால் என் வேலையைப் பார்த்த லுட்ஸ் ஹெர்மஸ் அந்த இடத்திலேயே செத்துப்போனார். எவால்டுக்குக் காறையெலும்பு முறிந்ததோடு சரி. ஆறு வாரத்தில் திரும்பி வந்து, அதே வளைவில் அழுத்திப் பிடித்து ஓட்டினார். கல் நெஞ்சுக்காரன் என்று ஊரே பேசியது.

கேலிகளுக்கெல்லாம் எவால்டிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சிரிங்கடா, சிரிங்க. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, கடிக்கிற மாதிரி பண்ணிட்டுத்தான் போவேன்."

அந்த ஒரு வண்டிக்குத்தான் இந்த முறை வாய்ப்பு வந்தது. புதிய மாடலில் இருக்கும் கம்ப்யூட்டர், நல்ல ஓட்டுநர் ஒருவரைப் பார்த்துப் படித்துக்கொண்டு, வேகத்தையும் சஸ்பென்ஷனையும் அவரைப் போலவே தானாக மாற்றும். எவால்ட் நானூறு சுற்று ஓட்டினார். அத்தனையையும் அதற்கு ஊட்டினார்கள். பிறகு வண்டியை ஸ்பெயினுக்கு அனுப்பினோம். அங்கே அதை ஓட்டியவள் வீப்கே. வடகடல் ஓரத்துக்காரி, எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஐஃபெல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நாலாம் நாள் எனக்குப் போன் செய்தாள்.

"உர்செல், இந்த வண்டி பயப்படுது."

"வண்டியா? நீயா?"

"விளையாடாதீங்க. மேடேறி வலது பக்கம் திரும்புற வளைவு வந்தா போதும், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால வேகத்த அதுவா கொறைக்குது. நான் அழுத்திட்டுதான் இருக்கேன். சஸ்பென்ஷனும் தொளதொளன்னு ஆயிடுது. அரை நொடிதான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

நானூறு சுற்றின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். மற்ற வளைவுகளில் சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் இருந்தது. பதினான்காவது கிலோமீட்டரில் மட்டும் கால் அரை நொடி மேலே வந்தது. நானூறு முறையும். பழைய மாடல்களின் பதிவுகளைத் தோண்டினேன். என் முதல் வாரம் வரைக்கும் அதேதான். என் கையெழுத்தில் ஓரக் குறிப்பும் இருந்தது: 'இந்த வளைவில் சஸ்பென்ஷனை இன்னும் கொஞ்சம் தளர்த்தச் சொல்கிறார்.' ஒவ்வொரு மாடலிலும் அதே குறிப்பு. வண்டியை மெத்தையாக்கியது இவரேதான்; இத்தனை வருடம் நாங்கள் தலைமை ஆபீஸைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

எவால்டிடம் காட்டினேன். முகம் கடுகடுத்தது. "பொய். அங்க நான் அழுத்துவேன். வா, காட்டறேன்."

காலை பத்து மணி. காற்றே இல்லை. வண்டு அரித்துச் செத்த மரங்கள் இரண்டு பக்கமும் பட்டை உரிந்து நின்றன. நான் சாலையைப் பார்க்கவில்லை. அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவை தெரிந்ததும் அந்தக் கால் மேலே வந்தது. அவசரமில்லாமல், சொன்னால் கேட்கிற குழந்தை போல. அவர் கண் சாலையில்தான் இருந்தது.

"பாத்தியா? அழுத்தினேன்ல?" என்றார்.

"எவால்ட், எடுத்தீங்க."

வண்டியை நிறுத்தினார். சிலுவைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "லுட்ஸ் அன்னிக்கு 'காலை எடு'ன்னு சொன்னான். ரெண்டு தடவ. நான் எடுக்கல. எனக்கு அவனப் பாத்து சிரிப்புதான் வந்துச்சு." வாயைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாவது தடவ எப்படிச் சொன்னான்னு ஞாபகம் இல்ல, உர்செல். சத்தத்துல போயிடுச்சு. கடைசி வார்த்தைய என்னத் திட்டித்தான் சொல்லியிருப்பான்."

மறுநாளே தலைமை ஆபீஸுக்கு எழுதினார். தன் சுற்றுகள் கெட்டுப்போனவை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீப்கேயை வைத்துப் பதிவு செய்யுங்கள் என்று. காரணத்தையும் எழுதினார். விடுதியில் இது தெரிந்தால் அவர் தலை நிமிர முடியாது. ஆனாலும் எழுதினார். அந்த ஒரு வண்டி அவருக்கு வேண்டியிருந்தது.

வீப்கே வந்தாள். அவளிடம் விபத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்று எவால்ட் கறாராகச் சொல்லியிருந்தார். முப்பது சுற்று ஓட்டினாள். பக்கத்தில் நான். நன்றாகவே ஓட்டினாள், டயர் கீச்சிடும்படி. பட்டறையில் மூவரும் நின்றுகொண்டே பதிவைத் திறந்தோம்.

பதினான்காவது கிலோமீட்டர். அரை நொடி. முப்பது முறையும்.

எவால்ட் என் பக்கம் திரும்பினார். "இவகிட்டச் சொன்னியா?"

"சத்தியமா இல்ல."

வீப்கே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் இல்லங்கறீங்க, உர்செல்? நீங்கதானே ஒவ்வொரு சுத்துலயும் 'காலை எடு'ன்னீங்க. குரல் கொஞ்சம் கட்டியிருந்துது, சளின்னு நெனச்சேன். பெரியவங்க சொல்றாங்கன்னு எடுத்தேன்."

முப்பது சுற்றிலும் நான் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

எவால்ட் பயந்ததாகத் தெரியவில்லை. அவளிடம் நெருங்கிப் போனார்.

"எத்தனை தடவ கேட்டுது?"

"ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவ."

"ரெண்டாவது தடவ... கோவமாச் சொன்னானா?"

வீப்கே யோசித்தாள். "இல்லையே. முதல் தடவதான் கொஞ்சம் அதட்டல். ரெண்டாவது மெதுவா, தூங்கறவங்கள எழுப்பற மாதிரி."

எவால்ட் தேலன் அங்கிருந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, எங்கள் இருவர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். அப்புறம் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கடிக்கிற வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த அரை நொடியோடு மெத்தை மாதிரி இருந்த அந்த வண்டிக்கே சம்மதக் கையெழுத்துப் போட்டார்.