சுற்றுக்கு ஒரு பூ

எல்லோருக்கும் வணக்கம். நான் வசந்தா, தெலுங்கு பேசுகிற ஊரான குஷாய்குடாவில் இருக்கிறேன். கோர்வையாகச் சொல்ல இப்போதெல்லாம் எனக்கு வராது. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். குழியில் வண்டி குதித்தது. அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் மொட்டைத் தலையோடு கிடந்தேன். மண்டைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் செய்திருந்தார்கள். "அம்மா, நேனெவரு?" என்று என் மகள் அழுதாள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், வாயில் தெலுங்குதான் வரும். தான் யார் என்று தெரிகிறதா என்கிறாள். என் பெண் என்று தெரிந்தது. பெயர் வரவில்லை. அடக் கடவுளே, பெற்றுப் பெயர் வைத்தவளுக்கே வரவில்லை!

உடம்பு தேறியது. தலை தேறவில்லை. பால் பொங்கி வழியும். அடுப்பில் வைத்தது நான்தான் என்பதே மறந்திருக்கும். தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் போய் முடியும். எதிரே நிற்பவர் முழிப்பார், நானும் சேர்ந்து முழிப்பேன்.

இங்கே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு ஒயர் கட்டு சோதிக்கிற வேலை. ஒரு கட்டில் ஏகப்பட்ட ஒயர்கள். ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்து, 'பீப்' கேட்டால் அடுத்தது. எது முடிந்தது, எது பாக்கி என்று மனசிலேயே வைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிற வேலைதான். ஆனால் திரும்பிப் போன அன்று யாரோ டீ வேண்டுமா என்று "சாய்?" எனக் கேட்டார்கள். நிமிர்ந்து, குனிந்தேன். எந்த ஒயரில் இருந்தேன்? முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் விட்டுப்போனது. சாயங்காலம் வரை ஒரு கட்டுகூட முடியவில்லை.

அந்த வாரமே சூப்பர்வைசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒரு கட்டைத் தனியாக முடித்துக் காட்டவேண்டும். முடியாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எனக்குக் கோபமா, அழுகையா, என்ன வந்ததென்றே தெரியவில்லை. அந்த நாற்காலி போய்விட்டால் நான் யார்?

வியாழன் மாலை கோயிலுக்குப் போனேன். பிள்ளையாரிடம் சண்டையே போட்டேன். "என் பழைய தலையைக் கொடு, வேறெதுவும் கேட்கமாட்டேன்" என்றேன். பிறகு நவக்கிரகம் சுற்றினேன். நாலா, ஐந்தா? குறைந்துவிடக் கூடாதே என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும் வசந்தா. நீ சுத்துற சுத்துல அந்தக் கிரகங்களுக்கே தலை சுத்தும்."

"ஒன்பது ஆச்சாங்க?"

"ஒன்பதா? நான் எண்ணுறதையே விட்டுட்டேன்."

ஓரமாக உட்கார்ந்து அழுதேன். பிள்ளையாரே, ஒன்பது வரைக்கும்கூட எண்ண விடமாட்டாயா? அப்போது ஒரு பெண் சுற்ற வந்தார். கையில் ஒன்பது பூ. ஒரு சுற்று முடிந்ததும் ஒரு பூவைப் படியில் வைத்தார். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே சுற்றினார்! கை காலியானதும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எத்தனையோ வருஷமாக எல்லோரும் செய்கிற காரியம்தான். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

வெள்ளிக்கிழமை மேஜைக்கடியில் கிடந்த, ஒயருக்கு உறை மாதிரி மாட்டுகிற சிவப்பு ரப்பர் ஸ்லீவ் துண்டுகளைப் பொறுக்கினேன். 'பீப்' கேட்டதும் அந்த ஒயர் நுனியில் ஒரு துண்டைச் செருகினேன். நடுவில் ஃபோர்மேன் வந்தார், சாய் வந்தது, கரண்ட் போய் வந்தது. எங்கே இருந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் மறந்துதான் போனேன். சிவப்பு இல்லாத ஒயரை எடுத்தேன். அவ்வளவுதான்.

கடைசியில் சிவப்பு இல்லாத ஒயரே இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் முழுக் கட்டையும் தானே மறுபடி சோதித்தார். ஒரு தப்பும் இல்லை. "ரேபு ரண்டி" என்றார். எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துவிட்டு, அந்த நிமிஷம் அது என்ன மொழி என்றே தெரியவில்லை. பக்கத்து மேஜை பர்வீனைப் பார்த்தேன். "கைக்கு ரோரீ? கல் ஆவ் போல்ரே," என்று தன் உருதுவில் சொல்லி என் கண்ணைத் துடைத்தாள். எதற்கு அழுகிறாய், நாளைக்கு வரச் சொல்கிறார் என்றாள்.

பழைய தலை இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. பிள்ளையார் நான் கேட்டதைக் கொடுத்தாரா, வேறு எதையோ கொடுத்தாரா? அதுவும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் வேலைக்குப் போகிறேன். வீட்டில் பால் வைத்தால் சிவப்பு நூலை விரலில் கட்டிக்கொள்கிறேன். முன்பு மறதிக்காரர்களைப் பார்த்தால் எரிந்து விழுவேன், இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் தலையும் குழம்பிக் கிடந்தால் பிள்ளையாரிடம் போய்க் கொட்டுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் போங்கள், சண்டை போட்டாலும் கேட்டுக்கொள்வார். நான் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பது பூவோடு போகிறேன். எண்ணி எடுத்துக் கையில் வைப்பது என் மகள். கவிதா. பாருங்கள், பெயர் வந்துவிட்டது.