அப்பா சொன்ன ‘நோ கம்ப்ளைன்ட், சார்’

அப்பா அன்று ஏன் அப்படிச் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா, ஆஸ்பத்திரியின் மானத்தைக் காப்பாற்றவா, இல்லை வெறும் பழக்கமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பினாயிலும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை... புனேயில் மழைக்காலம். ஏர்ஃபோர்ஸில் சார்ஜண்டாக ரிட்டயர் ஆன அப்பா, ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தார். நான் எம்.ஏ. முடித்து, ஒரு இங்கிலீஷ் பேப்பரில் சப்-எடிட்டராகச் சேர்ந்து நாலு மாசம். லோஹேகாவ் வீட்டிலிருந்து டிபன் கேரியரோடு பஸ் பிடித்து, நாலு மணி விசிட்டிங் நேரத்துக்குப் போவேன். அங்கிருந்து நேரே ஆபீஸ்.

டாக்டர்கள் நல்லவர்கள். நர்ஸ்கள் ஓடி ஓடி உழைத்தார்கள். ஆனால் கூரை ஒழுகியது. அப்பாவின் கால்மாட்டில் ஒரு பக்கெட். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் ரிட்டயர்டு ஹவில்தார் ஷிண்டே. மராத்தி வழக்கப்படி எனக்கு ‘காக்கா’, அதாவது சித்தப்பா. “மகளே, உன் அப்பா பாடினா எங்களுக்கு வந்ததும் நின்னு போயிடுது” என்பார் ஹிந்தியில். அப்பாவுக்குச் சிரித்தால் தையல் இழுக்கும். “யோவ், சும்மா இருய்யா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே திட்டுவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அந்த வார்டே அழகாகத் தெரிகிறது. நினைவை அதனால்தான் நான் முழுசாக நம்புவதில்லை...

“பேப்பர்ல கீப்பர்ல எழுத வாணாம்மா” என்றார் அப்பா ஒருநாள். “அடுத்த மாசம் இன்னொரு பக்கமும் ஆபரேஷன் இருக்கு. இவங்ககிட்டதான் வந்து படுக்கணும்.”

சரி என்றேன். ஆனால் கூரை ஒழுகுவதை ஆபீஸில் சொல்லியும் விட்டேன்.

போட்டோகிராபர் என் ‘கசின்’ ஆகி, ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வந்தான். அப்பா கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து எடுத்தான். வியாழக்கிழமை படம் வந்தது. முகத்தைக் கவனமாக வெட்டியிருந்தோம். ஆனால், பெரிய ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தால் நோயாளிகள் கைகளை உடம்போடு ஒட்டி, படுத்தபடியே அட்டென்ஷனில் இருக்க வேண்டும். யாரும் வராதபோதும் அப்படிப் படுத்திருப்பவர் அந்த வார்டில் அப்பா ஒருவர்தான்; படத்திலும் அப்படியே இருந்தார்.

அன்று சாயங்காலம் ஆபீசர் நேரே அப்பாவின் கட்டிலுக்கு வந்தார். நான் கேரியரைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

“எனி கம்ப்ளைன்ட்?”

பக்கெட்டில் சொட்டுச் சத்தம் கேட்டது. “நோ கம்ப்ளைன்ட், சார்.”

“இவங்க யாரு?”

“டாட்டர், சார்.”

“என்ன பண்றாங்க?”

“எம்.ஏ. பாஸ் பண்ணியிருக்கா, சார்.”

ஷிண்டே காக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஆபீசர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒழுகுது சார் என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆபீஸுக்குப் போனால் ஆஸ்பத்திரியின் மறுப்பறிக்கை எனக்கு முன்னால் வந்திருந்தது. சீஃப் சப்-எடிட்டர் அதை என் மேஜையில் போட்டு, “எட்டு வரிக்குள்ள அடக்கு” என்றார். அதில் ஒரு வரி: ‘சிகிச்சையில் இருக்கும் ஓய்வுபெற்ற சார்ஜண்ட் ஒருவர், தமக்கு எந்தப் புகாரும் இல்லை என்றார்.’ மற்றதையெல்லாம் வெட்டினேன். அதை வெட்டக் கை வரவில்லை.

போன வாரம் விமான் நகர் ஃப்ளாட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் ஒழுகும் வார்டு, போனில் வீடியோவாக வந்தது. டீ ஆறுவதற்குள் டி.வி.யிலும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதில் எல்லோர் முகமும் தெரிந்தது. அவர்களிடம் யாராவது கேட்டார்களா? கேட்க எனக்கு என்ன யோக்கியதை... அன்று நானும் கேட்கவில்லையே. அப்பா இப்போது இல்லை. அவரிடமும் ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கடைசிவரை கேட்கவில்லை.

ஆபீசர் வந்துபோன மறுநாள் நடந்தது இவ்வளவுதான். மறுப்பு ஐந்தாம் பக்கத்தில் வந்தது. படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்திருந்ததால் அப்பா என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். “சார்ஜண்ட்னு சரியா போட்டிருக்கா?” என்றார். போட்டிருக்கு என்றேன். அதற்குள் கூரைமேல் ஆட்கள் ஏறி ஓடு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மேலிருந்து மண்ணும் தூசியும் கொட்டின. அப்பா என் கையிலிருந்த பேப்பரை வாங்கி, நான் கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தின் மேல் விரித்து மூடினார்.